உள்பக்கத் தாழ்ப்பாள்

ஷார்ஜா
12 ஜனவரி 1986

அன்புள்ள ஸௌஜத்துக்கு உன் ஸத்தார் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகள் ஷமீமாவும் உன் உம்மாவும் சுகம்தானே? எனக்கு இந்தக் குளிரில் மூக்கடைப்பைத் தவிர வேறு குறை இல்லை.

இத்துடன் பத்திரிகைகளில் வெட்டிய படங்கள் இருக்கின்றன. கூரை வரை எழும்பிவிட்ட நம் புது வீட்டுக்கு எந்தப் பாணி பொருந்தும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு கிடந்தேன். கண்டுபிடித்துவிட்டேன். ஓப்பன் ஸ்டைல்! கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் சுவரே கிடையாது. அறைகளுக்கு வளைவுதான், அதில் திரை. ஜன்னல் என்றால் தரையிலிருந்து மேலே வரை ஒரே கண்ணாடி, கம்பி கிடையாது. வாசலில் நின்றால் வீடு முழுக்கத் தெரியும். படுக்கை அறைக்கு மட்டும் இழுவைக் கதவு. அதை நானே இங்கிருந்து கப்பலில் அனுப்புகிறேன். அதுவரை அங்கேயும் திரை போதும்.

அடுத்தவன் வீட்டுக்குக் கூரைப் பலகையும் கம்பளமும் பொருத்தியே என் முழங்கால் தேய்ந்துவிட்டது. உன் உம்மா வீட்டிலோ, கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் நான் புதியாப்பிளதான். இருமிக்கொண்டே உள்ளே வரவேண்டும், தட்டில் வைத்த அரிசிப் பத்திரியை எல்லாம் தின்று தீர்க்கவேண்டும், காலை நீட்டக்கூடாது. பெண்டாட்டி வீட்டில் போய்ப் படுப்பது நம் ஊர் ஆம்பிளைகளுக்கு எவன் எழுதிவைத்த தண்டனையோ. இனி என் வீட்டில் நான் சட்டை போடாமல் நடப்பேன்.

வேலை முழுவதையும் என் அண்ணன் மொய்துக்கா பார்த்துக்கொள்வார். சாவி ஒன்று அவரிடம் இருக்கட்டும். கடிதங்களையும் அவர் கடை விலாசத்துக்கே போடுகிறேன், புது வீட்டுத் தோப்புக்குள் தபால்காரன் வரமாட்டான். பூச்சு காய்ந்ததும் நீ குடி போய்விடு. ஆள் இல்லாத வீட்டில் மேஸ்திரி ஏமாற்றுவான்.

மகளுக்கு முத்தம். உனக்கு என்ன என்பதை நேரில் சொல்கிறேன்.

உன் ஸத்தார்


தர்மடம்
9 பிப்ரவரி 1986

என் புதியாப்பிளக்கு ஸௌஜத்தின் ஸலாம். அந்த வார்த்தை உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நாங்கள் சுகம். மூக்கடைப்புக்கு மிளகு ரசம் வைத்துத் தர அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கமாட்டேன், இருந்தால் சொல்லவும் மாட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை குடி வந்துவிட்டோம். உம்மா அழுதாள். அங்கே என் அறையைத் தங்கச்சிக்கும் அவளுடைய புதியாப்பிளக்கும் ஜோடித்துக் கொடுத்தாயிற்று. ஆகவே திரும்பிப் போக எனக்கு இடமும் இல்லை. இங்கே மேஸ்திரி ஆட்கள் போனபிறகு நானும் மகளும் தென்னை மரங்களும்தான். உம்மாவின் வலியகத்து வீட்டில் தும்மினால் நாலு பேர் குரல் கொடுப்பார்கள். இங்கே என் தும்மல் எனக்கே திரும்பி வருகிறது.

பாணி அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜன்னலுக்குக் கம்பி வேண்டும். படுக்கை அறைக்கு, கப்பல் கதவு வரும்வரை, நம் ஆசாரியிடம் சொல்லி ஒரு சாதாரணப் பலாக் கதவாவது போடவேண்டும். இந்த இரண்டை மட்டும் மறுக்காதீர்கள்.

மொய்துக்கா தினமும் வருகிறார்கள். நேற்றுச் சமையலறையில் கல்லும்மக்காய் சுத்தம் செய்துகொண்டிருந்தேன், தலையில் துணிகூட இல்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்கிறார்கள். எப்போது வந்தார்கள் என்றே தெரியாது. வெளித் திண்ணையில், கோலாயில் உட்காருங்கள், சாயா கொண்டு வருகிறேன் என்றேன். "என் தம்பி வீட்டுல நான் எதுக்குக் கோலாயில உக்காரணும்? இது உன் உம்மா வீடா?" என்று சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். உம்மா வீட்டில் மாப்பிள்ளையின் அண்ணன் கோலாயைத் தாண்டி ஒரு அடி வைத்ததை நான் பார்த்ததில்லை.

கம்பியை மறக்காதீர்கள். துஆ செய்யுங்கள்.

ஸௌஜத்


ஷார்ஜா
2 மார்ச் 1986

அன்புள்ள ஸௌஜத்துக்கு ஸலாம். நலம், நலமே வேண்டும். மிளகு ரசம் வைக்க இங்கே மலப்புறத்துக்காரன் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கு மீசை உண்டு.

கம்பியா? நீ படத்தைச் சரியாகப் பார்த்தாயா இல்லையா? கம்பி வைத்தால் அது வீடா, ஜெயிலா? பலாக் கதவு போட்டால் வளைவின் அழகே போச்சு. கொஞ்ச நாள் பொறு, பெண்ணே. இப்போது கூடத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி பதிக்கச் சொல்லி மொய்துக்காவுக்கு எழுதியிருக்கிறேன், முகம் பார்க்கும் கண்ணாடி. எங்கே உட்கார்ந்தாலும் எல்லா மூலையும் தெரியும்.

மொய்துக்கா உள்ளே வந்தால் என்ன? உப்பா மவுத்தானபோது எனக்கு வயது ஒன்பது. அவர் தோளில் உட்கார்ந்துதான் நான் ஜனாஸா பார்த்தேன். எனக்கு விசா வாங்க அவர் ஏறி இறங்காத படி இல்லை. அவர் கோலாயில் நிற்க நான் ஏன் வீடு கட்டவேண்டும்? நீ இன்னும் வலியகத்து வீட்டுப் பெண்ணாகவே இருக்கிறாய். என் வீட்டுப் பெண்ணாக மாறு.

மகளை நான் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஸத்தார்


தர்மடம்
6 ஏப்ரல் 1986

மதிப்புக்குரிய கணவருக்கு ஸௌஜத்தின் ஸலாம். நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை மொய்துக்கா கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைக் கடிதங்களோடு சேர்ந்து தெரியாமல் பிரித்துவிட்டார்களாம். என் கடிதங்களையும் இனி அவர்களே தபாலில் சேர்ப்பதாகச் சொல்கிறார்கள், நான் மகளைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு அலைய வேண்டாமாம். போன வாரம் எழுதியதைப் படித்துப் பார்த்து, ஒரு இடத்தில் எழுத்துப்பிழை இருப்பதாகச் சொல்லி, வேறு எழுதித் தரச் சொன்னார்கள். இது அந்த வேறு.

கண்ணாடி பதித்தாயிற்று. நீங்கள் சொன்னது சரி. அடுப்பில் நின்றால் கூடம் தெரிகிறது, கூடத்தில் நின்றால் அடுப்பில் நிற்பவளும் தெரிகிறாள். வேலையாட்கள் மத்தியானம் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் மொய்துக்காவுக்குக் கடையில் ஒழிவு. அப்போது வந்து அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து வேலையைப் பார்க்கிறார்கள். தனியாக இருக்கப் பயமாக இல்லையா என்று அக்கறையாகக் கேட்டார்கள்.

பாணிகளைப் பற்றி உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். கதவு வைத்த பாணி என்று ஏதாவது உண்டா? திரை நிற்கமாட்டேன் என்கிறது. காற்று விலக்குகிறது. காற்று இல்லாதபோதும் விலகுகிறது. அதனால் இரும்பு அலமாரியைத் தள்ளி வளைவுக்குக் குறுக்கே வைத்திருக்கிறேன். மகள் அதன் இடுக்கு வழியாகப் போய் வருகிறாள், அவளுக்கு அது விளையாட்டு. பார்க்க நன்றாக இல்லைதான். மன்னிக்கவும்.

கப்பல் கதவு எப்போது வரும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஸௌஜத்


ஷார்ஜா
11 மே 1986

ஸௌஜத்துக்கு ஸலாம். சுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

வளைவுக்குக் குறுக்கே அலமாரியா! மொய்துக்காவும் எழுதியிருந்தார், வருகிறவர்கள் கேட்டுச் சிரிக்கிறார்களாம். கல்யாண வீட்டுப் பந்தலில் தண்ணீர் லாரியை நிறுத்தினால் எப்படி இருக்கும்? உடனே எடுத்துவிடு. உன்னால் முடியவில்லை என்றால் மொய்துக்கா ஆள் வைத்து எடுப்பார். கதவு அடுத்த கப்பலிலோ அதற்கடுத்த கப்பலிலோ வரும்.

உன்னைப் போலவே ஒரு பைத்தியத்தை இங்கே பார்த்தேன், கேள். ஓர் அரபி வீட்டில் வேலை. அந்த வீட்டுக்கும் ஓப்பன் ஸ்டைல்தான். சமையலறைக்குப் பின்னால் வேலைக்காரிக்கு ஒரு சின்ன அறை. அவள் பெயர் குசுமா, சிலோன்காரி. நான் கதவுக்கு மெருகு போட்டுக்கொண்டிருக்கிறேன், கைக்குட்டையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். பிரித்தால் ஒரு தாழ்ப்பாள். தன் காசில் சந்தையில் வாங்கியிருக்கிறாள். "அண்ணா, இதை உள்பக்கம் வச்சுக் குடுங்க" என்றாள். வரைபடத்தில் இல்லாததை நான் எப்படி வைப்பேன்? உள்ளே என்னம்மா புதையலா இருக்கு என்று கேட்டேன், கூட இருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவள் அதைத் திரும்பச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். பெண்களுக்கும் பாணிக்கும் ஆகாது என்று அன்றைக்கு முழுக்கப் பேச்சு.

நீ கோபித்துக்கொள்ளாதே, உன்னைச் சிரிக்க வைக்கத்தான் எழுதினேன். நன்றாகச் சாப்பிடு.

ஸத்தார்


தர்மடம்
1 ஜூன் 1986

கணவருக்கு ஸலாம். நாங்கள் சுகம்.

மொய்துக்கா வாங்கிப் போக நிற்கிறார்கள், அதனால் நீட்டி எழுத முடியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். குசுமாவுக்கு அந்தத் தாழ்ப்பாளைப் பிறகாவது வைத்துக் கொடுத்தீர்களா?

ஸௌஜத்


தர்மடம்
13 ஜூலை 1986

கணவருக்கு ஸௌஜத்தின் ஸலாம். மகளுக்கு ஜலதோஷம், வேறொன்றும் இல்லை. உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. வந்து எனக்குக் கிடைக்கவில்லையோ என்னவோ.

அலமாரியை எடுத்தாயிற்று. உங்கள் மே மாதக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மொய்துக்கா ஆட்களை அழைத்து வந்தார்கள். எழுத்து உங்களுடையது, நானும் ஒதுங்கி வழி விட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. வேலையாட்கள் வருவது நின்றுவிட்டது. மொய்துக்கா வருவது நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உம்மா வந்து பார்க்கிறாள். வீட்டைச் சுற்றி வந்து, சாமான் எல்லாம் எங்கேடி என்கிறாள். இதுதான் பாணி என்றேன்.

இந்த வீட்டுக்கு நான் பழகிவிட்டேன். ஒவ்வோர் அறையிலும் முதுகைச் சுவரில் வைத்துக்கொண்டு உட்கார ஓர் இடம் கண்டுபிடித்திருக்கிறேன். குளிப்பது உம்மா வரும் நாளில் மட்டும். தேங்காய் உரிக்கும் பாரையைச் சமையலறையிலிருந்து பாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கிறது, இரும்புதானே, உங்கள் புதிய பாணிக்கு ஒத்துப்போகிறது.

லீவு எப்போது கிடைக்கும்? உங்கள் வாயால் ஒரு சொல் இல்லாமல் நான் இந்த வாசலை விட்டு இறங்கினால், ஊர் அதற்கு என்ன பெயர் வைக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஸௌஜத்


ஷார்ஜா
3 ஆகஸ்ட் 1986

அன்புள்ள ஸௌஜத்துக்கும், இதைப் படிக்கும் மொய்துக்காவுக்கும் ஸத்தாரின் ஸலாம். அனைவரும் சுகம் என்று நம்புகிறேன். நானும் சுகம்தான், தூக்கம்தான் கொஞ்சம் குறைவு.

பாணி விஷயத்தில் நான் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்துவிட்டேன். நம் வீட்டுக்கு ஓப்பன் ஸ்டைல் பொருந்தாது. எங்கள் கம்பெனியில் பெரிய ஆட்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன், மழைப் பிரதேசத்துக்கு இது ஆகவே ஆகாது, தரை ஊறிவிடும் என்கிறார்கள். எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கவேண்டும். முதலில் தரையைப் பெயர்த்து, ஆசிட் ஊற்றிக் கழுவி, மெருகு போடவேண்டும். அந்த ஆசிட் வாடை குழந்தை மூச்சுக்கு விஷம். ஜலதோஷம் வேறு என்று எழுதியிருக்கிறாய். ஆகையால் ஸௌஜத், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மகளையும் துணிமணியையும் நகையையும் எடுத்துக்கொண்டு உன் உம்மா வீட்டுக்குப் போய்விடு. இது என் சொல். நான் வரும்வரை அங்கேயே இரு.

மரம் அளப்பதற்காக உன் தாய்மாமன் பெரிய அம்மோனுக்கும் வலியகத்து வீட்டு விலாசத்துக்கே நேராக எழுதியிருக்கிறேன். அவர் பிள்ளைகளோடு வந்து உன்னையும் கையோடு கூட்டிப் போவார். மொய்துக்கா சிரமப்பட வேண்டாம்.

நீ கேட்டிருந்தாய். அந்த அரபி வீட்டில் கதவு வேலை கொஞ்சம் மிச்சம் இருந்தது. போன வாரம் நானே ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு போனேன். குசுமா இல்லை, ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். அந்த அறையில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள், சின்ன வயது. அவளுக்கு உள்பக்கம் வைத்துக் கொடுத்தேன். வரைபடத்தில் இல்லாததைச் செய்தாய் என்று சூப்பர்வைசர் கத்தினார். நான் தாழ்ப்பாளை இன்னொரு தடவை போட்டுத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன்.

போய்ச் சேர்ந்ததும் எழுது. சீக்கிரம் எழுது.

ஸத்தார்


வலியகத்து வீடு, தலச்சேரி
24 ஆகஸ்ட் 1986

என் ஸத்தாருக்கு ஸௌஜத்தின் ஸலாம். நானும் மகளும் உயிரோடு, சுகமாக இருக்கிறோம். இந்த முறை அது வழக்கத்துக்காக எழுதும் வரி இல்லை.

இதை எளேமாவின் மகன் ஹனீபா ஷார்ஜாவுக்கு வரும்போது தன் சட்டைப் பையில் கொண்டுவருகிறான். யாரும் எழுத்துப்பிழை பார்க்கப் போவதில்லை. அதனால் பெயரைப் போட்டே எழுதுகிறேன். உங்கள் அண்ணன் மொய்து. இனி என் வாயில் அவனுக்கு இக்கா இல்லை.

அவன் கை என்மேல் படவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அங்கே தனியாக நீங்கள் எதை எதையோ நினைப்பீர்கள். படாமல் போனதற்குக் காரணம் அவன் நல்லவன் என்பதல்ல. முதலில் அந்த அலமாரி, பிறகு அந்தப் பாரை. கண்ணாடிச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, நான் நின்றால் நின்றதையும் குனிந்தால் குனிந்ததையும் பார்த்துக்கொண்டிருப்பான். நேராகப் பார்க்கவே மாட்டான், கண்ணாடியில்தான். அலமாரியை எடுத்த மறுநாள் வாசல் கதவைத் தன் சாவியால் உள்ளிருந்து பூட்டிவிட்டுத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் மகளை இடுப்பிலும் பாரையைக் கையிலும் வைத்துக்கொண்டு மூலையில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மகள் அழவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அவன் உள்ளே கை நீட்டி அவள் தலையைத் தடவிவிட்டுச் சொன்னான்:

"நீ எழுதறதெல்லாம் என் கையாலதான் போகுது. அத மறந்துடாத."

சிரித்துக்கொண்டே பூட்டைத் திறந்து போனான். அன்றைக்கு மறுநாளிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் அந்தச் சாவிச் சத்தத்துக்காகக் காது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அன்றே அம்மோன்கள் இறங்கியிருப்பார்கள். அப்புறம் உங்களுக்கு அண்ணன் இல்லை, எனக்கு நீங்கள் இல்லை. அவன் உங்களைத் தோளில் சுமந்த கதையை நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபிறகு நான் எதைச் சொல்லி எதை நம்பவைப்பேன்?

பெரிய அம்மோன் பிள்ளைகளோடு வந்தபோது உங்கள் கடிதம் எனக்கு வந்திருக்கவே இல்லை, அவன் இன்னும் கொடுக்கவில்லை. அம்மோன் தனக்கு நீங்கள் எழுதியதைக் காட்டினார், ஆசிட் வாடை, உடனே கூட்டிப் போங்கள் என்று இருந்தது. நான் ஒரு கேள்வி கேட்கவில்லை, செருப்புக்கூடப் போடாமல் ஜீப்பில் ஏறிவிட்டேன். ஆசிட் ஊற்றாத வீட்டில் ஆசிட் வாடை என்று எழுதிய மனுஷனை நினைத்துப் பாதி வழியில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்து நிற்கவே இல்லை, அம்மோனின் பிள்ளைகள் திகைத்துப்போனார்கள்.

இங்கே எனக்கு அறை இல்லை. உம்மாவோடும் மூத்தம்மாவோடும் நடு அகத்தில் படுக்கிறேன். என்னிடம் வரவேண்டும் என்றால் மூன்று கதவும் மூத்தம்மாவின் வாயும் கடக்கவேண்டும். ஆனாலும் முற்றத்தில் யாராவது இருமினால் கண் தானாக மகளைத் தேடுகிறது. நேற்றுத் தங்கச்சியின் புதியாப்பிள, பாவம், இருமிக்கொண்டு வந்தான். நான் மகளை வாரிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன்.

நீங்கள் எனக்குப் படம் படமாக அனுப்பினீர்கள். எனக்குப் பொருந்தும் பாணியை நான் சொல்கிறேன். உங்கள் அண்ணன் கோலாயோடு நிற்கவேண்டிய எந்த வீடும் எனக்கு அழகுதான். சுவர் பாசி பிடித்திருந்தாலும் சரி. நீங்கள் இங்கே வந்தால் மறுபடி புதியாப்பிளதான், காலை நீட்ட முடியாது, சட்டையைக் கழற்ற முடியாது. அதற்கு உங்களால் முடியுமா?

இன்னொன்று. அம்மோனுக்கு வந்த உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட நேராக இல்லை. தரை, ஆசிட், மரம். நான் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா, இல்லை பாதி நம்பி பாதி நம்பாமல் எழுதினீர்களா? பாதி என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். இனி எதையும் ஊகித்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது.

பதிலை இந்த விலாசத்துக்குப் போடுங்கள்.

ஸௌஜத்


ஷார்ஜா
28 செப்டம்பர் 1986

அன்புள்ள ஸௌஜத்துக்கு ஸத்தாரின் ஸலாம். உன் சுகத்தையும் மகள் சிரிக்கிறாளா என்பதையும் முதலில் எழுது.

ஹனீபா கடிதத்தைக் கொடுத்து நாளாயிற்று. உடனே பதில் எழுதாததற்கு நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ கேட்டது சரி, பாதிதான். உன்னை அங்கிருந்து வெளியே எடுக்க அந்தப் பாதி போதுமாக இருந்தது. மீதிப் பாதியில் நான் அவர் தோளில் உட்கார்ந்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்தபிறகும் ஏதோ தவறிப்போயிருக்கும், பயந்தவளுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும் என்று ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. பொய் சொல்லக்கூடாது என்றுதான் எழுதாமல் இருந்தேன்.

அதனால் மொய்துக்காவுக்கு ஒரு கடிதம் போட்டேன். தர்மடத்து வீட்டை விற்றுவிடுங்கள், சாவியைப் பெரிய அம்மோனிடம் கொடுத்துவிடுங்கள், இனி என் பெண்டாட்டியும் பிள்ளையும் இருக்கும் எந்த வாசலையும் மிதிக்காதீர்கள் என்று எழுதினேன். காரணம் எதுவும் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. என்னை வளர்த்த மனிதர், காரணம் தெரியாமல் இப்படி ஒரு கடிதம் வந்தால் துடித்துப்போவார், என்னடா பைத்தியமா என்று கேட்பார், விமானம் ஏறி வந்து கன்னத்தில் அறைவார். அப்படி அறைந்தால் அதை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தேன். ராப்பகலாகக் காத்திருந்தேன்.

நேற்று அவர் பதில் வந்தது. சுகம் விசாரித்திருக்கிறார். வீட்டுக்கு ஆள் பார்த்துவிட்டாராம், சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டாராம். கண்ணாடி பதித்த சுவர் மட்டும் வாங்குகிறவருக்குப் பிடிக்கவில்லையாம்.

ஏன் என்று அவர் கேட்கவே இல்லை, ஸௌஜத்.

ஸத்தார்